தப்பைப் பொறுக்கும் மட்டையை வாங்க வெட்கம் எதுக்கு?



இது கொஞ்சம் நீளமான பதிவு. பசியாறிட்டு, நேரம் இருக்கும்போது படிங்க.

கோயில் பக்கத்தில் கோல்ஃப் மட்டையைப் பத்தி எழுதுறாங்களேன்னு சிலருக்குத் தோணலாம். காரணம் இருக்கு. எஸ்.பி.எம். எழுதும் நம்ம பிள்ளைகளின் டியூஷன் நிதிக்காக ஒரு நட்பு கோல்ஃப் ஆட்டம் வைக்கலாம்னு நாங்கள் பேசினோம். பெயர் கேட்டபோது, ஆடத் தெரிந்தவர்களே பாதிப் பேர் தயங்கினாங்க. வேலை இருக்குன்னு சொன்னவங்க கொஞ்சம் பேர்தான். "நம்ம மட்டை பழசு, நாலு பேர் முன்னாடி பையைத் திறக்க ஒரு மாதிரியா இருக்கு. ஜப்பான் செட் வாங்கிட்டு அடுத்த வருஷம் வர்றேன்"னு சொன்னவங்கதான் அதிகம். இன்னொரு பக்கம், 55 வயசில் இ.பி.எஃப். பணத்தை எடுத்த கையோடு, கத்தி மாதிரி மெல்லிசான ஜப்பான் பிளேடு செட்டை வாங்கிட்டு, இப்போ முழங்கை வலிக்குதுன்னு தைலம் தேய்க்கிறவங்களும் நம்மில் இருக்காங்க.

ஒருத்தர் மட்டைக்கு வெட்கப்பட்டு வீட்டில் இருக்கார். இன்னொருத்தர் மட்டைக்காகக் காசையும் கையையும் கெடுத்துக்கிறார். ரெண்டுக்கும் வேர் ஒண்ணுதான். அதனால்தான் இந்தப் பதிவு.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிடுறோம். ஜப்பான் அயர்ன் நல்ல சாமான், அதில் சந்தேகமே இல்லை. ஆனா அதில் எதை வாங்குறதுன்னு உங்க கைதான் சொல்லணும். பக்கத்து ஆளோட பை சொல்லக்கூடாது. வாரத்துக்கு ஒரு நாள் ஆடுற நமக்கு, தப்பைப் பொறுக்கும் மட்டைதான் மரியாதையான மட்டை.

இந்த ஆட்டத்துக்கு நாம ஒண்ணும் புதுசா வந்தவங்க இல்லை. கித்தா தோட்டக் காலத்தில் துரைமார் ஆடிய திடல்களில் பை தூக்கினவங்க நம்ம வீட்டுப் பிள்ளைகள். பந்து எங்கே விழும், எந்த மட்டையை நீட்டணும்னு பார்த்துப் பார்த்தே கத்துக்கிட்டாங்க. மாரிமுத்து ராமையா, பெரியசாமி குணசேகரன் என்ற தமிழ்ப் பெயர்கள் மலேசியத் தொழில்முறை கோல்ஃப் வரலாற்றில் இருக்கு. இந்தியாவிலும் பாருங்க, பெங்களூரில் பை தூக்கி வளர்ந்த சின்னசாமி முனியப்பா 2009இல் இந்தியன் ஓப்பனையே ஜெயிச்சார். விலை உயர்ந்த மட்டை கையில் இருந்ததால் இவங்க யாரும் ஆட்டக்காரர் ஆகலை.

பினாங்கில் ஜப்பான் மட்டை மோகம் எங்கிருந்து வந்ததுன்னும் யோசிச்சுப் பார்க்கலாம். 1972இல் பாயான் லெப்பாஸ் ஃப்ரீ டிரேட் ஸோன் தொடங்கியபோது, முதலில் வந்த எட்டு வெளிநாட்டுக் கம்பெனிகளில் ஹிட்டாச்சியும் கிளாரியனும் ஜப்பான்காரங்களோடது. 1982இல் 'கிழக்கை நோக்கு' கொள்கையும் வந்தது. நம்மில் பலரும் ஜப்பான் மேலாளருக்குக் கீழே வேலை பார்த்தவங்க. அவங்க சாமான்களைப் பேணுற விதத்தைப் பார்த்து மதிச்சவங்க. அந்த மதிப்பு நியாயமானது. யோனெக்ஸை நமக்குப் பூப்பந்து ராக்கெட்டாத் தெரியும், பிரிட்ஜ்ஸ்டோனை டயராத் தெரியும், யமஹாவை மோட்டார் சைக்கிளாத் தெரியும். மூணு பேருமே கோல்ஃப் மட்டையும் செஞ்சவங்க.

மிஸுனோ 1906இல் ஒசாகாவில் தொடங்கிய கம்பெனி; 1933 முதல் கோல்ஃப் மட்டை செய்யுது. அதன் அயர்ன் தலைகள் 1968 முதல் ஹிரோஷிமா பட்டறையில் அடிக்கப்படுது. மியூரா அயர்ன் ஹிமேஜி நகரத்துச் சரக்கு. அதே ஹியோகோ மாநிலத்தில் இச்சிகாவா என்ற சின்ன ஊரை ஜப்பான் அயர்ன் பிறந்த ஊர்னே சொல்றாங்க. நீகாட்டா பக்கம் ட்சுபாமேயில் இருக்கும் எண்டோ பட்டறை, வெவ்வேறு கம்பெனிகளுக்கு அடிச்சுக் கொடுக்குது. வாள் செஞ்ச பரம்பரைன்னு விளம்பரம் பேசும். அது கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நமக்கு உண்மையில் பயன்படுறது வேற. ஒவ்வொரு தலையும் சொன்ன எடையில், சொன்ன கோணத்தில் வரணும். 7ஆம் நம்பருக்கும் 8ஆம் நம்பருக்கும் இடையில் வித்தியாசம் சீரா இருக்கணும். அந்த ஒழுங்குக்குத்தான் நாம காசு கொடுக்கிறோம்.

இப்போ நம்ம மண்டபத்துத் திண்ணையில் அடிக்கடி நடக்கும் சண்டைக்கு வருவோம். "ஃபோர்ஜ்டு அயர்ன்தான் அசல், வார்ப்பு அயர்ன் எல்லாம் கத்துக்குட்டிக்கு"ன்னு ஒரு பேச்சு ஓடுது.

ஃபோர்ஜ்டுன்னா, இரும்புத் துண்டைப் பழுக்கக் காய்ச்சி, அச்சில் வச்சு அடிச்சு உருவாக்குறது. நம்ம கொல்லுப் பட்டறை வேலைதான், எந்திரச் சுத்தியலோட. இதுக்கு ஜப்பான்காரங்க பெரும்பாலும் எஸ்20சி, எஸ்25சின்னு சொல்லும் மென்மையான எஃகை எடுக்கிறாங்க. அந்த எண் அதில் இருக்கும் கரியின் அளவு. 25ன்னா சுமார் 0.25 சதவீதம். வார்ப்புன்னா, மெழுகில் உருவம் செஞ்சு, மேலே பூச்சு பூசி, மெழுகை உருக்கி வெளியேத்தி, அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊத்துறது. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? சுவாமிமலை ஸ்தபதிகள் பஞ்சலோகத் திருமேனி செய்யும் முறையும் இதே மெழுகு முறைதான். வீதி உலா வரும் உற்சவமூர்த்தியே வார்ப்பு. அப்புறம் வார்ப்புன்னா மட்டம்னு நம்ம வாயாலேயே எப்படிச் சொல்றது?

அடிப்பும் வார்ப்பும் ரெண்டு தொழில் முறை. எது உயர்வு எது தாழ்வுன்னு அதிலேயே முடிவு பண்ண முடியாது. தலையின் வடிவம்தான் ஆட்டத்தில் பெரிய மாற்றம் தரும்.

சரி, அந்த 'ஃபீல்' என்கிறாங்களே, அது என்ன? பந்து மட்டை முகத்தில் ஒட்டியிருக்கும் நேரம் ஒரு வினாடியில் சுமார் 2000இல் ஒரு பங்குதான். நம்ம கைக்குச் சேதி வந்து சேரும்போது பந்து கிளம்பிப் போயிருக்கும். கையில் வர்ற அதிர்வும், காதில் விழும் சத்தமும் சேர்ந்ததைத்தான் நாம ஃபீல்னு சொல்றோம். கோயில் மணியைச் சரியான இடத்தில் தட்டினா ஒரு நாதம், ஓரத்தில் பட்டா ஒரு சத்தம் வருதே, அது மாதிரி. பிளேடு இந்த வித்தியாசத்தை ஒளிக்காமல் சொல்லும். நடுவில் பட்டா வெண்ணெய் மாதிரி இருக்கும். ஓரத்தில் பட்டா விரல் முதல் முழங்கை வரை 'சுளீர்'னு ஏறும்.

பொறுக்கும் குணம்னா என்ன? அதுக்குக் காவடியை நினைச்சுக்கோங்க. தோளில் வச்ச தண்டின் ரெண்டு நுனியிலும் பால்குடம் தொங்கினா, அந்தத் தண்டைச் சட்டுனு திருப்ப முடியாது. அதே பாரத்தை நடுவில் கட்டினா சுலபமாச் சுழலும். அயர்னிலும் இதே கதை. பிளேடில் எடை நடுப் பக்கம் குவிஞ்சிருக்கும். பந்து நுனியில் பட்டா தலை திரும்பிடும், பந்து வழி மாறிப் போகும், தூரமும் குறையும். பின்புறத்தைக் குடைஞ்சு எடையைச் சுத்து விளிம்புக்குத் தள்ளினா, தலை அவ்வளவா திரும்பாது. அதைத்தான் கேவிட்டி பேக் என்கிறோம். அமெரிக்காவில் கார்ஸ்டன் சோல்ஹைம் என்ற பொறியாளர் 1959இல் பிங் என்ற பட்டர் மட்டையோட தொடங்கி, பிறகு இந்த யோசனையை அயர்னுக்கும் கொண்டு வந்தார். 1982இல் வந்த பிங் ஐ2 உலகம் முழுக்கப் போனது. அதுவும் வார்ப்புதான். தொழிலா ஆடினவங்களே அதை வச்சுப் பட்டம் ஜெயிச்சிருக்காங்க.

இங்கே ஒரு நல்ல எதிர்வாதம் இருக்கு. நம்ம மூத்தவங்க சிலர் சொல்றது: "தப்பு பண்ணா வலிக்கணும். வலிச்சாத்தான் திருந்துவான். பொறுத்துப் போற மட்டை ஆளைச் சோம்பேறி ஆக்கும்." இதை நாங்கள் ஒதுக்கித் தள்ளலை. தினமும் இருநூறு முந்நூறு பந்து அடிச்சுப் பழகும் இளைஞனுக்கு, பக்கத்தில் ஒரு பயிற்சியாளரும் இருந்தா, பிளேடு நல்ல வாத்தியார். எங்கே பட்டதுன்னு கை உடனே சொல்லும், அடுத்த பந்தில் திருத்திக்கலாம்.

ஆனா நம்மில் எத்தனை பேர் அப்படி? ஷிஃப்ட் வேலை முடிச்சு, பிள்ளையை டியூஷனில் விட்டுட்டு, ஞாயிறு காலையில் ஒன்பது குழி ஆடுறவங்க நாம. அன்னைக்கு அடிச்ச தப்பைத் திருத்த அடுத்த ஞாயிறுதான் வரும். அதுக்குள்ளே கை மறந்திடும், வலி மட்டும் மிஞ்சும். அறுபதைத் தொடும் வயசில் மணிக்கட்டும் முழங்கையும் போனா, ஆட்டம் மட்டுமா போகும்? அன்னதானத்துக்கு அண்டா தூக்கவும் ஆள் குறைஞ்சிடும்.

இன்னொண்ணு, ஃபீலும் பொறுமையும் எதிர் எதிர்னு நினைக்கிறதே பழைய காலக் கணக்கு. மென்மையான எஃகை அடிச்சு, பின்பக்கம் குடைஞ்சு, அடிப்பாகத்தைக் கொஞ்சம் அகலமா விட்ட அயர்னை மிஸுனோ, ஸ்ரிக்ஸன், யோனெக்ஸ் எல்லாரும் செய்றாங்க. அதிலும் நல்ல சத்தம் உண்டு. கலந்தும் வாங்கலாம்: 8, 9, பிட்சிங் வெட்ஜ் சின்னத் தலையா, 5, 6, 7 பெரிய தலையா. நீள இரும்பு ஏறலைன்னா அந்த இடத்தில் ஹைபிரிட் வச்சுக்கலாம். எந்த விதியும் அதைத் தடுக்கலை. 14 மட்டைக்கு மேல் பையில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். 7 மட்டையோடயும் சந்தோஷமா ஆடலாம்.

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல்னாளாம்"னு நம்மைக் கேலி பண்ணுவாங்கன்னு பயப்படுறாங்க. அந்தப் பழமொழி சாக்குச் சொல்றவங்களுக்கு. அளவில்லாத செருப்பைப் போட்டுக்கிட்டு மலை ஏறுறவங்களுக்கு இல்லை. அளவு பார்த்து வாங்குறது சாக்கு இல்லை, புத்தி.

எப்படிப் பார்த்து வாங்குறது? எங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்றோம்.

முதலில், உங்க அடி எங்கே படுதுன்னு பாருங்க. இருக்கிற 7ஆம் நம்பர் அயர்ன் முகத்தில் கொஞ்சம் முகப் பவுடரைப் பூசி, டிரைவிங் ரேஞ்சில் 20 பந்து அடிங்க. ஒவ்வொரு அடிக்கும் குறியைப் பார்த்து, துடைச்சு, மறுபடி பூசுங்க. ஒரு 50 காசு நாணயம் மூடுற இடத்துக்குள் 15 குறியாவது விழுந்தா, தாராளமா பிளேடைப் பத்தி யோசிங்க. முகம் முழுக்க மாக்கோலம் போட்ட மாதிரி இருந்தா, பதில் உங்களுக்கே தெரியும். செலவு, ஒரு கூடைப் பந்து.

ரெண்டாவது, ஷாஃப்ட். தலையைப் பார்த்து மயங்கி ஷாஃப்டைக் கேட்க மறந்திடுறோம். ஸ்டீல் ஷாஃப்ட் பெரும்பாலும் 90 முதல் 130 கிராம் வரை. கிராஃபைட் அதைவிட நல்லா லேசு, அதிர்வையும் குறைக்கும். முழங்கை வலி உள்ளவங்க வெட்கப்படாமல் கிராஃபைட் கேளுங்க. அக்கா தங்கச்சிகளுக்கும் ஒரு வார்த்தை: வீட்டுக்காரர் தூக்கிப்போட்ட கனமான செட்டில் ஆடிட்டு "எனக்கு இது வராது"ன்னு முடிவு பண்ணிடாதீங்க. வராதது உங்களுக்கா மட்டைக்கான்னு முதலில் பார்ப்போம்.

மூணாவது, எண்ணில் ஏமாறாதீங்க. அந்தக் காலத்து 7ஆம் நம்பர் சுமார் 35 பாகை சாய்ஞ்சிருக்கும். இப்போ தூரத்துக்குன்னே செய்ற செட்டில் அது 30க்கும் கீழே இருக்கு. "என் 7 பத்து கஜம் கூடப் போகுது"ன்னா, அது பழைய 5 அல்லது 6ஆம் நம்பர் மேலே 7னு எழுதியிருக்கு, அவ்வளவுதான். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குன்னு வர்ற செட்டுகளில் இது அதிகம். ஷாஃப்டும் லேசா இருக்கும். தப்பில்லை, தெரிஞ்சு வாங்கணும்.

நாலாவது, லை கோணம். மட்டையைத் தரையில் வைக்கும்போது நுனி தூக்கிக்கிட்டு நின்னா, வலதுகை ஆட்டக்காரருக்குப் பந்து இடப்பக்கம் போகும். அடிப்பக்கம் தூக்கினா வலப்பக்கம். இங்கேதான் மென்மையான ஃபோர்ஜ்டு எஃகுக்கு உண்மையான லாபம். கடையில் ஒண்ணு ரெண்டு பாகை வளைச்சுச் சரி பண்ணித் தருவாங்க. கடினமான வார்ப்பு எஃகை வளைக்கிறது சிரமம்.

அடுத்து வெட்ஜ். இதில் நம்ம ஊர் மண்ணும் மழையும்தான் தீர்ப்புச் சொல்லணும். மணல் குழியிலிருந்து வெளிவரத் தோதான வெட்ஜை ஜீன் சாராஸன், மட்டையின் அடியில் உலோகத்தை ஒட்டிக் கனமாக்கிச் செஞ்சு பார்த்தார். அதை வச்சே 1932இல் பிரிட்டிஷ் ஓப்பனை ஜெயிச்சார். அந்த அடிப்பாகம் முன் விளிம்பைவிடத் தாழ்ந்திருக்கும் கோணத்துக்குப் பேர் பவுன்ஸ். பவுன்ஸ் கூடுதலா இருந்தா மட்டை மண்ணில் புதையாமல் வழுக்கிட்டு வரும். குறைச்சலா இருந்தா இறுகின தரையில் பந்துக்கு அடியில் சுலபமாப் போகும்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறும்போது வெயில் கொளுத்தும், தரை இறுகிக் கிடக்கும். தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னே இருந்து மழை, புக்கிட் ஜம்புல் மேட்டிலும் சரி, பெர்தாம் பக்கத்துச் சமவெளியிலும் சரி, காலடி வச்சா ஈரம் கசியும். வருஷத்தில் பாதி இப்படி ஈரத்தில் ஆடுற நமக்கு, மணலுக்குன்னு வாங்கும் 56 பாகை வெட்ஜில் 10 முதல் 14 வரை பவுன்ஸ் இருந்தா நிம்மதி. தொலைக்காட்சியில் பெரிய ஆட்டக்காரர் 60 பாகை, 4 பாகை பவுன்ஸ் வச்சுப் பந்தை வானத்துக்குத் தூக்குறார்னு நாமும் அதை வாங்கினா, ஈர மண்ணில் சட்டியைக் கவுத்த மாதிரி மண்தான் பறக்கும்.

இடைவெளியையும் கணக்குப் பாருங்க. புது செட்டின் பிட்சிங் வெட்ஜ் 44 பாகைன்னா, அடுத்தது நேரா 56ன்னா நடுவில் பெரிய பள்ளம். 50 பாகை ஒண்ணு வேணும். வெட்ஜ் மட்டும் அயர்ன் செட்டோட அதே கம்பெனியா இருக்கணும்னு கட்டாயம் இல்லை. முகத்தில் இருக்கும் கோடுகள் தேய்ஞ்சா பந்து நிற்காது; பழைய வெட்ஜ் வாங்கும்போது விரலால் தடவிப் பாருங்க. மேல்பூச்சு இல்லாத மெல்லெஃகு வெட்ஜ் நம்ம கடற்காத்தில் சீக்கிரம் துரு ஏறும். ஆடி முடிச்சதும் துடைச்சு வைங்க, ஈரத்தோட உறையில் போடாதீங்க.

காசு விஷயம். புது ஜப்பான் ஃபோர்ஜ்டு செட் ஆயிரக்கணக்கான வெள்ளி. இணையத்தில் அது கால் விலைக்குக் கிடைச்சா, போலியா இருக்குமோன்னு முதலில் சந்தேகப்படுங்க. நாங்கள் சொல்றது, நாலைந்து வருஷம் பழைய, நல்லாப் பேணின செட்டை நேரில் பார்த்து வாங்குங்க. இரும்பு சீக்கிரம் கிழடாகாது. கிரிப்பை மட்டும் புதுசா மாத்தி, லை கோணத்தைச் சரி பண்ணிக்கோங்க. மிச்சம் பிடிச்ச காசில் நாலு வகுப்பு நல்ல பயிற்சியாளரிடம் போங்க. பணி ஓய்வுப் பணம் திரும்ப வராத பணம். அதில் வாங்கும் எதுவும் நம்ம கையை, நம்ம வீட்டை நோகடிக்கக் கூடாது.

கடைசியா, உள்ளே இருக்கிற விஷயத்தைச் சொல்லிடுறோம். நம்ம தாத்தாமார் அடுத்தவன் பையைத் தூக்கிட்டு நடந்த திடலில், இன்னைக்கு நாம சொந்தப் பையோட நடக்கிறோம். அது பெரிய விஷயம். அங்கே போயும் மட்டையின் பெயரை வச்சு ஒருத்தரை ஒருத்தர் அளந்தா, பழைய மேடு பள்ளத்தை நாமே மறுபடி வெட்டுறோம்னு அர்த்தம். ஒரு தம்பி நல்லா அடிக்கிறான், பை இல்லைன்னு ஓரமா நிக்கிறான். அதே ஊரில் எத்தனை வீட்டு ஸ்டோரில் பழைய செட் தூசி பிடிச்சுக் கிடக்கு!

அதனால் எங்கள் வேண்டுகோள் மூணு. ஒண்ணு, நிதி ஆட்டத்துக்கு இருக்கிற மட்டையோட வாங்க. பையை யாரும் திறந்து பார்க்கப் போறதில்லை, பிள்ளைகளின் டியூஷன்தான் கணக்கு. ரெண்டு, புதுசு வாங்குற எண்ணம் இருந்தா, அவசரப்படாமல் ஞாயிறு அன்னதானம் முடிஞ்சதும் எங்களிடம் பேசுங்க. நாலு பேர் சேர்ந்து ரேஞ்சுக்குப் போய், ஒருத்தர் மட்டையை இன்னொருத்தர் அடிச்சுப் பார்ப்போம். பவுடர் டப்பா எங்க செலவு. மூணு, வீட்டில் சும்மா கிடக்கும் அயர்ன், வெட்ஜ் எதுவா இருந்தாலும், பிங்கோ மிஸுனோவோ பெயர் தெரியாததோ, கொண்டு வந்து கொடுங்க. கிரிப் மாத்தி, நம்ம பிள்ளைகள் கையில் கொடுக்கிறது எங்கள் பொறுப்பு.

மாற்றுக் கருத்து இருந்தா கீழே எழுதுங்க. பிளேடுதான் வேணும்னு சொல்ற அண்ணன்மாரும் வந்து வாதாடுங்க, காப்பி உண்டு.



தொண்டர் குழு, ஜார்ஜ் டவுன், பினாங்கு